எந்தத் தட்டில் சாப்பாடு போடுவது?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் எழுந்த முதல் தகராறு நகைக்காகவோ மண்டபத்துக்காகவோ அல்ல. தட்டுக்காக.

புவனேஸ்வரில் பிப்ரவரி மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒடிசாக்காரர்கள். விருந்துக்கு 500 பேர் என்று முடிவாயிற்று. ஜூன் மாதமே கேட்டரிங்காரர் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு தம்ளர். மொத்தம் 2,000 உருப்படிகள். "எல்லாம் பேப்பர்தான் சார், பிளாஸ்டிக்கே கிடையாது" என்றார் பெருமையாக. மகள் அவர் கொண்டுவந்திருந்த மாதிரித் தட்டை வாங்கினாள். ஓரத்தைக் கிழித்து நகத்தால் உரித்தாள். தாளின் மேலிருந்து பளபளப்பான மெல்லிய படலம் ஒன்று தனியே வந்தது. "இது என்ன?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார்.

பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, ஸ்பூன் எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது தாள். ஆனால் வெறும் தாள் குழம்பைத் தாங்காது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால்தான் தாங்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். தாள் கோப்பையில் 100 மில்லி சூடான திரவத்தை ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள். 'பேப்பர் கப்' என்று நாம் நிம்மதியாகக் குடிப்பது அதைத்தான்.

அப்படியானால் எதில் சாப்பாடு போடுவது? கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான்.

எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. தமிழன் வீட்டுக் கல்யாணம், வாழையிலை. பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். மகள் விடவில்லை. "உங்களுக்குப் பழக்கம் என்பதற்காகவா, நல்லது என்பதற்காகவா?" என்று கேட்டாள். இரண்டாவதுதான் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது. ஒரு வாரம் அலைந்து ஆறு வகைகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். வாழையிலை, சால் இலைத் தட்டு, பாக்கு மட்டைத் தட்டு, கரும்புச் சக்கைத் தட்டு, மண் கிண்ணம், எவர்சில்வர் தட்டு. ஒவ்வொன்றிலும் சூடான சோறும், அதன்மேல் ஒரு கரண்டி டால்மாவும் விட்டோம். டால்மா என்பது காய்கறிகளைப் போட்டு வேகவைக்கும் ஒடிசாவின் பருப்பு. சாம்பாருக்குத் தூரத்து உறவு. அரை மணி நேரம் காத்திருந்தோம்.

வாழையிலையைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஊறாது. எந்தத் தொழிற்சாலையும் வேண்டாம். ஆனால் இரண்டு நாளில் வாடும், காற்றடித்தால் கிழியும். நீளமான மேஜையும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமும் வேண்டும். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிடும் 'பஃபே' விருந்துக்கு அது சரிப்படாது. வாழையிலை என்பது தட்டு மட்டுமல்ல, ஒரு பந்தி முறையும் கூட. அந்த முறை போய்விட்டால் இலையும் போய்விடுகிறது.

சால் இலைத் தட்டு இந்தப் பக்கத்துச் சொத்து. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், வங்காளம் என்று சால் காடு இருக்கும் இடமெல்லாம் இது உண்டு. இந்தி பேசுகிறவர்கள் பத்தல் என்பார்கள். ஒடியாவில் 'கலி' என்று பெயர். நம் காதுக்குக் கலிகாலம் போலக் கேட்கும். ஆறேழு இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வட்டமாக அடுக்கி, ஈர்க்கு மாதிரி மெல்லிய குச்சிகளால் தைத்துவிடுவார்கள். நம் ஊர்த் தையல் இலையும் இதே ஜாதிதான். அங்கே புரசு, மந்தாரை. இங்கே சால், சியாலி. சியாலி என்பது மந்தாரைக்குச் சொந்தமான பெரிய காட்டுக்கொடி. மாட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த அகலமான இலை. கிண்ணத்தை இவர்கள் 'தோனா' என்கிறார்கள். நம் தொன்னைதான். எங்கள் சோதனையில் சோற்றைக் கலி நன்றாகத் தாங்கியது. டால்மாவின் தண்ணீர் மட்டும் இருபதாவது நிமிடத்தில் ஒரு தையல் வழியாக மேஜைக்கு வந்துவிட்டது. இரண்டு கலிகளைச் சேர்த்து வைத்தபோது ஒழுகவில்லை.

பாக்கு மட்டைத் தட்டு பார்க்க அழகு, கையில் கனம். கர்நாடகத்திலும் கேரளத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் இது பெரிய தொழில். பாக்கு மரம் தானாக உதிர்க்கும் மட்டையைப் பொறுக்கி, கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பசை இல்லை, பூச்சு இல்லை, மரத்தை வெட்டுவதும் இல்லை. டால்மா ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. முதல் பரிசு இதற்குத்தான் என்று நினைத்தேன். பிறகுதான் 2025 மே மாதத்துச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் இந்தத் தட்டிலிருந்து உணவில் கலக்கக்கூடும், ஆகவே இவற்றை விற்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் நாட்டுக் கடைக்காரர்களுக்குச் சொல்லியிருந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் யாருக்கும் எதுவும் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்பது உறைத்தது. புகையிலையும் இலைதானே.

எனக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. நான் வாங்கியது சிமோகாவிலிருந்து வந்த தட்டு. அங்கிருந்து புவனேஸ்வருக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். தானாக உதிர்ந்த மட்டை, லாரியில் டீசல் புகையோடு பாதி இந்தியாவைக் கடந்து வந்திருந்தது. சிமோகாவில் கல்யாணம் என்றால் கணக்கே வேறு.

கரும்புச் சக்கைத் தட்டுதான் இப்போது நகரங்களில் அதிகம் கண்ணில் படுவது. வெள்ளையாக, சுத்தமாக, விமானத்தில் தருவது போல இருக்கும். சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கூழாக்கி அச்சில் வார்க்கிறார்கள். கழிவுக்கு ஒரு வாழ்வு கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் கூழாக்க ரசாயனமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், வெப்பமும் வேண்டும். எண்ணெய் ஊறாமல் இருக்க ஏதாவது சேர்த்தாக வேண்டும். மேல்நாடுகளில் இத்தகைய கிண்ணங்களில் பல ஆண்டுகள் சேர்த்துவந்தது பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனக் குடும்பத்தை. மண்ணிலும் ரத்தத்திலும் எளிதில் சிதையாமல் தங்கிவிடுவது அதன் குணம். உணவுப் பொட்டலங்களில் எண்ணெய் தடுக்கும் இந்தப் பூச்சுகள் அமெரிக்காவில் இனி விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் அதே நிர்வாகம் அறிவித்தது. நான் வாங்கிய தட்டில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஈகோ ஃபிரெண்ட்லி சார்" என்றார். அட்டைப்பெட்டியிலும் அதுதான் எழுதியிருந்தது.

மண் கிண்ணத்துக்கு ஒடிசாவில் தனி மரியாதை. புரி ஜகந்நாதர் கோயிலில் மகாபிரசாதம் விறகடுப்பில், மண்பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கப்படுகிறது. ஒரு முறை சமைத்த பானையில் மறுமுறை சமைப்பதில்லை. ரயிலில் மண் குவளையில் தேநீர் தர வேண்டும் என்று 2004-ல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் சொன்னதும், பிறகு அது மெல்ல மறைந்ததும், 2020-ல் பியூஷ் கோயல் மீண்டும் அதையே அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும். குயவர்களுக்கு வேலை என்பது நல்ல நோக்கம். ஆனால் 'மண் மண்ணோடு கலந்துவிடும்' என்பது மட்டும் பாதி உண்மை. சுட்ட மண் லேசில் கரையாது. மொகஞ்சதாரோவில் கூர்மையான அடிப்பகுதி கொண்ட மண் குவளைகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஒரு முறை குடித்துவிட்டு வீசியவை அவை என்று தொல்லியலாளர்களில் சிலர் கருதுகிறார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவை அப்படியே இருக்கின்றன. விஷம் இல்லை, அவ்வளவுதான். அதைச் சுட எரித்த விறகையும், வயலிலிருந்து எடுத்த மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக எவர்சில்வர். கழுவிக் கழுவி இருபது ஆண்டு சாப்பிடலாம். குப்பையே இல்லை. பெங்களூரில் விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டுகளைக் கொடுத்து வாங்கும் 'பிளேட் பேங்க்' நடக்கிறது. 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு வருகிறவர்களுக்காக 'ஒரு தட்டு, ஒரு பை' என்று வீடு வீடாக எவர்சில்வர் தட்டும் துணிப்பையும் திரட்டினார்கள். எங்கள் பட்டியலில் அறிவுக்கு உகந்தது இதுதான். ஆனால் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். குழாய் ஒன்று. அதிலும் தண்ணீர் காலையில் மட்டும். 500 தட்டுகளை எங்கே கழுவுவது? இரண்டு பீப்பாய்த் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்த பந்திக்கு வைப்பார்கள் என்று கேட்டரிங் பையன் ஒருவனே ரகசியமாகச் சொன்னான். தம்ளர் மட்டும் எவர்சில்வர் என்று முடிவு செய்தோம். அதை வீட்டிலேயே கழுவி எடுத்துப் போய்விடலாம்.

ஜூலையில் மழை தொடங்கியதும் இன்னொரு சோதனையும் நடத்தினேன். மொட்டை மாடியில் ஆறு பூந்தொட்டிகள். எவர்சில்வரைத் தவிர மற்ற ஐந்தையும், கேட்டரிங்காரர் விட்டுப்போன தாள் தட்டையும் தொட்டிக்கு ஒன்றாகப் புதைத்தேன். மனைவி அக்கம்பக்கத்தில் இதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வாழையிலை ஆகஸ்டிலேயே இருந்த இடம் தெரியவில்லை. அக்டோபரில் தோண்டியபோது சால் இலை கறுத்த மண்ணாகியிருந்தது. குச்சிகள் மட்டும் மிச்சம். கரும்புச் சக்கை, விரலால் நசுக்கினால் உதிரும் துணுக்குகளாகியிருந்தது. பாக்கு மட்டை டிசம்பரில்கூடப் பூஞ்சை பிடித்த துண்டுகளாகத் தெரிந்தது. மண் கிண்ணத்தைக் கழுவினேன், புதிதாகவே இருந்தது. தாள் தட்டில் தாள் மட்டும் போய்விட்டது. அந்த மெல்லிய படலம் பாம்புச் சட்டை போல முழுசாக எழுந்து வந்தது.

ஆக, விருந்துக்குக் கலி. வாழையிலைக்காகத் தொடங்கிய நான் தோற்றேன் என்று சொல்ல முடியாது. தையல் இலையும் இலைதான். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தோஷம். "எங்கள் ஊரில் விருந்தென்றால் கலிதானே, இதற்கா ஆறு மாதம் யோசித்தீர்கள்?" என்று சம்பந்தி சிரித்தார்.

கடையில் கிடைக்கும் சால் தட்டுகளிலும் ஒரு சங்கடம் இருந்தது. இயந்திரத்தில் அழுத்திய தட்டுகளில் பலவற்றுக்கு, ஒழுகாமல் இருப்பதற்காக, இலைகளோடு பாலித்தீன் தாளும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஆகவே தைக்கும் இடத்துக்கே போவது என்று டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் கிளம்பினோம். நயாகட் மாவட்டம், ரண்பூர் பக்கம். புவனேஸ்வரிலிருந்து 70 கிலோமீட்டர் போல. அந்தப் பகுதியின் காடு கிராமத்தார் காப்பாற்றிய காடு. 'தெங்காபள்ளி' என்று ஒரு வழக்கம் அங்கே உண்டு. தெங்கா என்றால் தடி, பள்ளி என்றால் முறை. இன்று யார் வீட்டு வாசலில் தடி வைக்கப்படுகிறதோ, காவல் முறை அந்த வீட்டுக்கு. பல ஊர்களில் பெண்களே அந்தத் தடியோடு காட்டைச் சுற்றி வருகிறார்கள். தட்டுக்கான இலை இருப்பது அதனால்தான்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் கலி தைத்துக்கொண்டிருந்தார். "மாவுசி, 600 கலி வேண்டும்" என்றேன். மாவுசி என்றால் சித்தி, பெரியம்மா. நூறு 180 ரூபாய் என்றார். கை வேலையை நிறுத்தவில்லை. என் வாயிலிருந்து யோசிக்காமலே வந்தது: "120-க்குக் கொடுங்கள், மொத்தமாக எடுக்கிறேனே."

அவர் கோபப்படவில்லை. தைத்துக்கொண்டிருந்த தட்டை என் கையில் கொடுத்தார். "எண்ணிப் பாருங்கள், பாபு" என்றார். ஏழு இலைகள். 600 தட்டுக்கு 4,200 இலைகள். விடியற்காலையில் காட்டுக்குப் போய்ப் பறித்து, தலையில் சுமந்து வந்து, துடைத்து, அடுக்கி, தைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். வீட்டு வேலை போக ஒரு நாளைக்கு நூறு தைப்பாராம். நாள் முழுவதும் வேலை செய்து அவர் கேட்டது 180 ரூபாய். அதில் 60-ஐக் குறைக்கச் சொன்னேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று காருக்குத் திரும்பினேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "பாக்கு மட்டைத் தட்டு ஒன்று ஒன்பது ரூபாய் என்றார்களே, அங்கே ஏம்ப்பா பேரம் பேசவில்லை?" உண்மைதான். கண்ணாடிக் கதவு போட்ட கடையில், விலைச்சீட்டு ஒட்டிய தட்டை, கேட்ட விலைக்கு வாங்கினேன். அந்தத் தட்டில் 600 எடுத்திருந்தால் 5,400 ரூபாய் கொடுத்திருப்பேன். இங்கே நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது 360 ரூபாய். ஆறு மாதமாகத் தட்டின் இலை, மெழுகு, ரசாயனம், தூரம், மக்கும் காலம் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். அதில் தைக்கிற கைக்கு ஒரு பத்தி இருக்கவில்லை. மண்ணுக்குக் கேடில்லாத தட்டு தைத்தவருக்கும் கேடில்லாததா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பிப் போய், அவர் சொன்ன விலைக்கே முன்பணம் கொடுத்தேன். நன்றி எதிர்பார்த்தேன் என்றால் அது என் தவறு. "இடையில் மழை வந்தால் காயாது. பத்து நாள் முன்னாலேயே ஆளை அனுப்புங்கள்" என்றார். வியாபாரம் அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று ஆளுக்கு ஒரு கலி என்றால்தான் 600 போதும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் போதாது. ஆகவே டால்மா, பாயசம் போன்ற தண்ணீர்ப் பதார்த்தங்களைத் தொன்னையில் தரச் சொல்லியிருந்தோம். பரிமாறும் பையன் ஒருவன் அதை மறந்துபோய், என் ஒன்றுவிட்ட அண்ணாவின் கலியில் டால்மாவைத் தாராளமாக ஊற்றிவிட்டான். பட்டு வேட்டியில் மஞ்சள் வரைபடம் ஒன்று உண்டானது. "உன் இயற்கை என் வேட்டிக்கு வந்துவிட்டது" என்றார் அவர். மற்றபடி விருந்து நன்றாக நடந்தது. சால் இலையில் சூடான சோறு விழுந்ததும் எழுகிற மணத்தைப் பற்றித்தான் பலர் பேசினார்கள்.

இரவு பதினோரு மணிக்குப் பின்பக்கம் போனேன். முதல் பந்தியின் இலைகளை மண்டபத்துக்குப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவர் கூடையில் எடுத்துப் போயிருந்தார். அதற்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. மீதிக் கலிகள், காலித் தண்ணீர் பாட்டில்கள், ஐஸ்கிரீம் கிண்ணங்கள் எல்லாம் ஒன்றாகத் திணிக்கப்பட்டு, கறுப்புப் பாலித்தீன் பைகளில் கட்டப்பட்டிருந்தன. ஏழெட்டுப் பைகள். ரண்பூர்க் காட்டிலிருந்து வந்த இலை குப்பைமேட்டுக்குப் போகத் தயாராக இருந்தது. அங்கே காற்றில்லாத பைக்குள் அது நல்ல மண்ணாக ஆகப்போவதில்லை. பாட்டிலை மறந்தேன், ஐஸ்கிரீமை மறந்தேன். பைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு நானும் மாப்பிள்ளையின் தம்பியும் இரண்டு பைகளைப் பிரித்தோம். மூன்றாவதோடு முதுகு வலித்தது. மற்றவை லாரியில் போயின.

இப்போது யாராவது எந்தத் தட்டு நல்லது என்று என்னிடம் கேட்டால் ஒரே பதில் சொல்வதில்லை. வீட்டில் பத்துப் பேர் என்றால் எவர்சில்வர். வாழைத்தோட்டம் பக்கத்தில் என்றால் வாழை. பாக்குத்தோப்பு ஊரில் என்ன செய்வார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். செய்தவர் கையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? சாப்பிட்டு முடித்த பிறகு அது எங்கே போகிறது? பொருளைப் பற்றிய கேள்வியெல்லாம் இவற்றுக்கு நடுவில்தான் வருகிறது.

அன்று மிஞ்சிய நாற்பது கலிகள் பரணில் இருந்தன. தீபாவளிக்கு மகள் வந்தபோது எடுத்துத் துடைத்து எல்லோரும் அதில்தான் சாப்பிட்டோம். ரசம் கேட்ட எனக்கு மட்டும், ஞாபகமாக, இரண்டு கலி வைத்தாள்.